டிஸ்சார்ஜுக்கு அப்புறம் எங்களை யார் பாத்துக்குறது? ஹார்ட் ஃபெயிலியர் கிளினிக் கேட்டு ஒரு திறந்த மடல்

ஆஸ்பத்திரி நடத்துறவங்க, இதய சிகிச்சைப் பிரிவுக்குத் தலைமையா இருக்குறவங்க, சுகாதாரத் துறையில எதுக்கு எவ்வளவு ஒதுக்கணும்னு முடிவு பண்றவங்க எல்லாருக்கும் வணக்கம்.

நான் டாக்டரும் இல்ல நர்ஸும் இல்ல. எங்க அப்பாவுக்கு ஹார்ட் ஃபெயிலியர், அதாவது ஒடம்புக்குத் தேவையான ரத்தத்த இதயத்தால சரியா அனுப்ப முடியாத நிலை, கூட இருந்து பாத்துக்குறது நானும் அம்மாவும். உங்ககிட்ட ஒரே ஒரு விஷயம் கேக்கத்தான் இதை எழுதறேன். ஹார்ட் ஃபெயிலியர்னு ஆளுங்களை அட்மிட் பண்ற ஒவ்வொரு ஆஸ்பத்திரியிலயும் அவங்களுக்குன்னே தனியா ஒரு கிளினிக் நடத்துங்க. அதுல இந்த வியாதிக்குன்னு பயிற்சி எடுத்த நர்ஸ் இருக்கணும், மருந்து விவரம் தெரிஞ்ச ஃபார்மசிஸ்ட் இருக்கணும், பின்னாடி ஒரு கார்டியாலஜிஸ்ட் இருக்கணும், நாங்க போன் பண்ணா எங்க கேஸ் தெரிஞ்ச ஒருத்தர் எடுக்கணும். அவ்வளவுதான் கேக்குறேன், ஏன் கேக்குறேன்னு இனி சொல்றேன்.

உலகம் முழுக்க 6 கோடிக்கு மேல ஆளுங்க இந்த வியாதியோட வாழறாங்க. மூச்சு முட்டி, கால் வீங்கி, படுக்க முடியாம உக்காந்துகிட்டே ராத்திரிய ஓட்டி ஆஸ்பத்திரிக்கு வர்றவங்களை நீங்க நல்லாத்தான் பாக்குறீங்க, அதுல எனக்கு சந்தேகமே இல்ல. ஊசி போட்டு ஒடம்புல தேங்கின தண்ணிய எடுத்துடுறீங்க, ஆக்ஸிஜன் வைக்கிறீங்க, ரெண்டு மூணு நாள்ல மனுஷன் மறுபடி படுத்துத் தூங்குறாரு, எங்களுக்குப் போன உயிர் திரும்பி வந்த மாதிரி இருக்கும். அப்புறம் டிஸ்சார்ஜ். கையில ஒரு சம்மரி, ஏழெட்டு மாத்திரை, உப்பக் குறைங்கன்னு ஒரு வரி, மூணு மாசம் கழிச்சு ஓ.பி.ல வந்து பாருங்கன்னு ஒரு வரி. அந்த மூணு மாசத்துக்குள்ளதான் எல்லாமே நடக்குது. அமெரிக்காவுல வயசானவங்களுக்கான மெடிகேர் திட்டத்தோட கணக்கைப் பாத்தா, ஹார்ட் ஃபெயிலியருக்கு அட்மிட் ஆகி வீட்டுக்குப் போனவங்கள்ல கிட்டத்தட்ட நாலுல ஒருத்தர் 30 நாளுக்குள்ள திரும்ப ஆஸ்பத்திரிக்கே வந்துடுறாங்க. ஒவ்வொரு தடவை அட்மிட் ஆகுறப்பவும் இதயமும் கிட்னியும் இன்னும் கொஞ்சம் கெட்டுப் போகுது, அதனால இது வந்துட்டுப் போற விஷயம் இல்ல.

மருந்து இல்லாத வியாதின்னா நான் இந்த மடலே எழுதியிருக்க மாட்டேன். மருந்து இருக்கு, அதுவும் நல்ல மருந்து. 1987ல எனாலாப்ரில் கொடுத்தா மோசமா இருக்குறவங்க கூட கூடுதல் நாள் வாழறாங்கன்னு காட்டினாங்க, 1999ல பைசோப்ரோலால், மெட்டோப்ரோலால், ஸ்பைரோனோலாக்டோன்னு ஒரே வருஷத்துல மூணுக்கும் ஆதாரம் வந்துச்சு, 2014ல சாக்யூபிட்ரில்-வால்சார்ட்டன், 2019ல சுகருக்காக வந்த டாபாக்ளிஃப்ளோஸின் சுகர் இல்லாத ஹார்ட் ஃபெயிலியர்காரங்களுக்கும் வேலை செய்யுதுன்னு தெரிஞ்சுது. இப்போ பம்பிங் குறைஞ்சவங்களுக்கு நாலு வகை மருந்து சேத்துக் கொடுக்கணும்ங்கிறதுதான் உலகம் முழுக்க இருக்குற வழிகாட்டுதல். ஆனா இந்த மருந்துங்கள்ல பாதிக்கும் மேல சின்ன டோஸ்ல ஆரம்பிச்சு, கொஞ்சம் கொஞ்சமா ஏத்தி, சோதனையில பலன் கொடுத்த அந்த டோஸ் வரைக்கும் கொண்டு போகணும். பைசோப்ரோலால் 1.25 மில்லிகிராம்ல ஆரம்பிக்குது, போய்ச் சேர வேண்டிய எடம் 10. நடுவுல 2.5, 3.75, 5, 7.5னு படி இருக்கு. மூணு மாசத்துக்கு ஒரு ஓ.பி., ஒவ்வொரு ஓ.பி.யிலயும் ஒரு படின்னா ஒரு மருந்துக்கே ஒண்ணேகால் வருஷம் ஆகும், ஏத்த வேண்டிய மத்த மருந்துங்களுக்கும் கணக்குப் போட்டுப் பாருங்க. அதுவும் டாக்டர் ஒவ்வொரு தடவையும் மறக்காம ஏத்தினா. ரொம்ப நேரத்துல "நல்லா இருக்கீங்களா, சரி, அதே மாத்திரையக் கன்டின்யூ பண்ணுங்க"ன்னு எழுதிடுறாங்க, வெளியில நீளமா வரிசை நிக்குது, அவங்களத் தப்பு சொல்ல எனக்கு மனசு வரல. அமெரிக்காவுல 2018ல வெளியான ஒரு பதிவேட்டுக் கணக்குல, அப்போ இருந்த மூணு வகை மருந்தையும் முழு டோஸ்ல எடுத்தவங்க, எடுக்கத் தகுதி இருந்தவங்கள்ல வெறும் 1 சதவீதம். நூத்துல ஒருத்தர். அதப் படிச்சப்போதான், இது எங்க குடும்பத்துக்கு மட்டும் நடந்த விஷயம் இல்லன்னு எனக்குப் புரிஞ்சுது.

இதையே ஆளும் நேரமும் ஒதுக்கிப் பண்ணா என்ன ஆகும்னு பாத்தும் வச்சிருக்காங்க. ஸ்ட்ராங்-ஹெச்எஃப்னு ஒரு ஆய்வு, 2022ல வந்துச்சு, 14 நாட்டுல 1,078 பேர். பாதிப் பேருக்கு வழக்கமான கவனிப்பு. இன்னொரு பாதிக்கு டிஸ்சார்ஜ் ஆன ரெண்டு வாரத்துக்குள்ள மருந்த முழு டோஸுக்கு ஏத்துறதுன்னு குறி வச்சு, 1, 2, 3, 6வது வாரம் வரச் சொல்லி, ஒவ்வொரு தடவையும் ஒடம்பப் பரிசோதிச்சு, ரத்தம் எடுத்து, இதயத்துக்கு எவ்வளவு அழுத்தம்னு காட்டுற என்டி-ப்ரோபிஎன்பி பாத்து கவனிச்சாங்க. 180 நாள்ல இறந்தவங்களும் ஹார்ட் ஃபெயிலியருக்காக திரும்ப அட்மிட் ஆனவங்களும் சேத்து வழக்கமான பக்கம் 23.3 சதவீதம், இந்தப் பக்கம் 15.2. வித்தியாசம் அவ்வளவு தெளிவா இருந்ததால ஆய்வ முன்கூட்டியே நிறுத்திட்டாங்க. இதுல புது மருந்து எதுவுமே கண்டுபிடிக்கல, இருக்குற மருந்தையே பக்கத்துல இருந்து பாத்து ஏத்தினாங்க, அவ்வளவுதான். சும்மா ஏத்திட முடியாது, பிபி எறங்கிப் போகும், நாடித்துடிப்பு குறையும், ஸ்பைரோனோலாக்டோன் ஆரம்பிச்சா ரத்தத்துல பொட்டாசியமும், கிட்னி எப்படி வேலை செய்யுதுன்னு காட்டுற கிரியாட்டினினும் ஒரு வாரத்துலயும் நாலு வாரத்துலயும் பாக்கணும், பாக்காம விட்டா பொட்டாசியம் ஏறி உயிருக்கே ஆபத்து. இதுக்குப் பயந்துதான் பல டாக்டருங்க சின்ன டோஸ்லயே விட்டுடுறாங்கன்னு நினைக்கிறேன். அடுத்த வாரமே ஒருத்தர் பாப்பாங்கங்கிற ஏற்பாடு இருந்தா அந்தப் பயம் பாதி போயிடும்.

அடுத்தது நர்ஸ். இந்த மடல்ல நான் ரொம்ப அழுத்திச் சொல்ல நினைக்கிறது இதுதான். 1995லயே வந்த ஒரு ஆய்வு, 70 வயசும் அதுக்கு மேலயும் உள்ள 282 பேர், நர்ஸ் முன்ன நின்னு நடத்துன குழு ஒண்ணு அவங்களுக்கு வியாதியப் பத்தி சொல்லிக் கொடுத்து, சாப்பாட்டு ஆலோசனை கொடுத்து, மருந்த ஒழுங்கு பண்ணி, வீட்டுக்குப் போனதும் போன்லயும் நேர்லயும் விசாரிச்சுது. 90 நாள்ல ஹார்ட் ஃபெயிலியருக்காக திரும்ப அட்மிட் ஆனது வழக்கமான கவனிப்புல இருந்த பக்கம் 54 தடவை, நர்ஸ் பாத்துக்கிட்ட பக்கம் 24 தடவை. செலவும் கம்மியாத்தான் வந்துச்சு. அது முடிஞ்சு முப்பது வருஷம் ஆச்சுங்க.

அந்த நர்ஸ் என்ன பண்ணுவாங்கன்னு கேட்டா பெரிய விஷயம் எதுவும் இல்லன்னு தோணும், ஆனா எங்களுக்கு அதுதான் எல்லாமே. காலையில எந்திரிச்சு யூரின் போயிட்டு, சாப்பிடுறதுக்கு முன்னாடி, ஒரே மாதிரி துணியோட எடை பாருங்க, எழுதி வைங்க, மூணு நாள்ல ரெண்டு கிலோவுக்கு மேல ஏறுச்சுன்னா அது சதை இல்ல தண்ணி, மூச்சு முட்டுற வரைக்கும் காத்திருக்காம உடனே கூப்பிடுங்கன்னு சொல்லித் தருவாங்க. எடைக் கணக்கு வைக்கணும்ங்கிறது எங்களுக்கு முதல் டிஸ்சார்ஜ்ல யாரும் சொல்லல. கூப்பிட்டா, நீர் போற மாத்திரைய ரெண்டு நாளைக்குக் கூட்டிப் போடுங்க, நாளன்னைக்கு எடை என்னன்னு சொல்லுங்கன்னு பதில் வரும். அஞ்சு நிமிஷப் போன்ல ஒரு வார அட்மிஷன் தப்பிக்கும். வாந்தி பேதின்னு வந்தா அதே மாத்திரையக் குறைக்கணும், இல்லன்னா ஒடம்பு வறண்டு கிட்னி அடி வாங்கும், அதையும் ராத்திரியில நாங்களா எப்படி முடிவு பண்றது? முட்டி வலிக்குதுன்னு கடையில ஐப்யூப்ரோஃபென், டைக்லோஃபெனாக் வாங்கிப் போட்டா ஒடம்புல உப்பும் தண்ணியும் தேங்கி ஹார்ட் ஃபெயிலியர் மோசமாகும்னு எத்தனை வீட்டுக்குத் தெரியும், தண்ணியில போட்டா நுரைச்சுக் கரையுற மாத்திரை பலதுல சோடியம் நிறைய இருக்குன்னு எத்தனை பேருக்குத் தெரியும். இதெல்லாம் சம்மரியில எழுதறதுக்கு எடம் இருக்காது, உக்காந்து பேசத்தான் வேணும், அதுவும் ஒரே தடவை பேசினாப் பத்தாது, டிஸ்சார்ஜ் அன்னைக்கு இருக்குற பதட்டத்துல நாங்க பாதிய மறந்துடுவோம்.

கேக்க முடியாத கேள்விங்கன்னும் சிலது இருக்கு. படி ஏறலாமா, வேலைக்குத் திரும்பப் போகலாமா, விமானத்துல போகலாமான்னு அப்பா டாக்டர்கிட்ட கேட்டுடுவாரு. புருஷன் பொண்டாட்டியா இருக்கலாமான்னு, பக்கத்துல மக நிக்கிறப்போ எந்த அப்பா கேப்பாரு? அம்மாவும் கேக்க மாட்டாங்க. ஆனா அந்தப் பயம் ரெண்டு பேருக்கும் இருக்கும், அதப் பேசாமலே வருஷக்கணக்கா ஒதுங்கி இருக்குற தம்பதிங்க எத்தனையோ பேர் இருப்பாங்கன்னு நினைக்கிறேன். நிலைமை கட்டுக்குள்ள இருக்குற நிறைய பேருக்கு அதுல தடை இல்ல, ஆனா நெஞ்சு வலிக்கான நைட்ரேட் மாத்திரை எடுக்குறவங்க, ஆண்மைக் குறைவுக்குப் போடுற சில்டெனாஃபில் வகை மாத்திரைய தொடவே கூடாது, பிபி ஆபத்தான அளவுக்கு எறங்கிடும், அதையும் யாராவது சொல்லணுமே. கதவ மூடிட்டு அரை மணி நேரம் பேசுற ஒரு நர்ஸ்கிட்டதான் இது வெளிய வரும்.

அதே மாதிரி, ஒடம்ப அசைக்காம படுத்தே இருக்கணும்னு இன்னமும் வீட்டுல நம்புறாங்க. 2009ல 2,331 பேர வச்சுப் பண்ண ஆய்வுல, நிலையா இருக்குறவங்க முறையா உடற்பயிற்சி பண்றது பாதுகாப்பானது, வாழ்க்கைத் தரமும் கொஞ்சம் கூடுதுன்னு வந்துச்சு. தண்ணி விஷயத்துலயும் எல்லாருக்கும் ஒரே ஒன்றரை லிட்டர் கணக்குன்னு சொல்லி அனுப்புறாங்க, 2025ல நெதர்லாந்துல வந்த ஆய்வுல, அட்மிட் ஆகாம வீட்டுல நிலையா இருக்குறவங்களுக்கு அந்தக் கட்டுப்பாட்டால பெருசா நன்மை தெரியல, தாகம்தான் அதிகமாச்சு. அதுக்காக எல்லாரும் இஷ்டத்துக்குக் குடிக்கலாம்னு அர்த்தம் இல்ல, ரத்தத்துல சோடியம் குறைஞ்சவங்க, இப்பத்தான் வீங்கி வடிஞ்சவங்க கதை வேற. யாருக்கு எவ்வளவுன்னு ஆளப் பாத்து சொல்ல ஒரு எடம் வேணும்ங்கிறேன்.

மனசப் பத்தி யாருமே கேக்குறதில்ல. ஹார்ட் ஃபெயிலியர் இருக்குறவங்கள்ல சுமார் அஞ்சுல ஒருத்தருக்கு மனச்சோர்வு இருக்குன்னு பல ஆய்வுகளச் சேத்துப் பாத்து சொல்லியிருக்காங்க, மனச்சோர்வு இருந்தா மாத்திரை விட்டுப் போகும், அட்மிஷன் கூடும், இறப்பும் கூடும். பாத்துக்குறவங்க கதையும் அதுதான். ராத்திரி அப்பா மூச்சு விடுற சத்தத்த எண்ணிக்கிட்டே அம்மா முழிச்சுக் கெடப்பாங்க. அவங்க எப்படி இருக்காங்கன்னு ஒரு ஓ.பி.யிலயும் யாரும் கேட்டதில்ல.

கிளினிக்னு ஆரம்பிச்சா ரெண்டு கூட்டத்தத் தயவு செஞ்சு விட்டுடாதீங்க. முதல்ல, இதயத்த ஸ்கேன் பண்ற எக்கோல பம்பிங் நல்லாத்தான் இருக்குன்னு வர்றவங்க. இதயம் சுருங்குறது சரியா இருக்கும், விரிஞ்சு ரத்தத்த வாங்கிக்கிறதுதான் கஷ்டமா இருக்கும், மூச்சு வாங்கும், கால் வீங்கும், வயசான பொம்பளைங்க, பிபி, சுகர், உடல் பருமன் இருக்குறவங்க இதுல நிறைய. ஈ.எஃப். (ஒவ்வொரு துடிப்புலயும் இதயம் எத்தனை சதவீத ரத்தத்த வெளிய தள்ளுதுங்கிற கணக்கு) 50க்கு மேல இருக்கு, ஒண்ணும் இல்ல, வயசாச்சுன்னு சொல்லி அனுப்பிடுறாங்க. 2021லயும் 2022லயும் வந்த ரெண்டு பெரிய ஆய்வுல எம்பாக்ளிஃப்ளோஸினும் டாபாக்ளிஃப்ளோஸினும் இவங்களோட அட்மிஷனையும் குறைக்குதுன்னு தெரிஞ்சாச்சு, அதனால இவங்களுக்குக் கொடுக்க ஒண்ணுமில்லன்னு இனிமே சொல்ல முடியாது.

ரெண்டாவது, மருந்தால நல்லா ஆனவங்க. ஈ.எஃப். 25ல இருந்து 55க்கு வந்துடுச்சு, இனி எதுக்கு மாத்திரைன்னு அவங்களே நிறுத்திடுவாங்க, நியாயமான கேள்விதான். டாக்டருங்க கண்காணிப்புலயே கொஞ்சம் கொஞ்சமா நிறுத்திப் பாத்த சின்ன ஆய்வு ஒண்ணு 2018ல வந்துச்சு, நிறுத்தின 25 பேர்ல 11 பேருக்கு ஆறு மாசத்துக்குள்ள திரும்ப கெட்டுப் போச்சு. நல்லா ஆனவங்களுக்கும் வருஷா வருஷம் ஒரு எக்கோ, நிறுத்தாதீங்கன்னு சொல்ல ஒரு ஆள் வேணும்.

கடைசிக் காலத்தப் பத்தின பேச்சும் அந்தக் கிளினிக்லதான் நடக்கணும், எழுதவே கை நடுங்குது, ஆனாலும் எழுதறேன். இந்த வியாதி வந்தவங்கள்ல சுமார் பாதிப் பேர் அஞ்சு வருஷத்துக்குள்ள இறந்துடுறாங்க. அதனால என்ன வேணும், என்ன வேண்டாம், ஐசியுல குழாயோட இருக்கணுமா வீட்டுல இருக்கணுமான்னு அவங்களே தெளிவா இருக்குறப்போ கேக்கணும். துடிப்பு ஆபத்தா தாறுமாறானா ஷாக் கொடுத்து சரி பண்ற ஐசிடி கருவிய நெஞ்சுக்குள்ள வச்சவங்களுக்கு, கடைசி நேரத்துல அந்த ஷாக் கொடுக்குற வேலைய மட்டும் வலியில்லாம நிறுத்தி வைக்க முடியும்னு எத்தனை குடும்பத்துக்குத் தெரியும்? தெரியாததால போற உயிர் ஷாக் வாங்கிட்டே போகுது. வருஷக்கணக்கா பாத்துப் பழகின ஒருத்தர் மெதுவாப் பேசினா நாங்க கேட்டுக்குவோம், முன்னப்பின்ன தெரியாத ட்யூட்டி டாக்டர் நடுராத்திரியில கேட்டா எங்களால யோசிக்கவே முடியாது.

ஆள் இல்ல, பணம் இல்லன்னு நீங்க சொல்லுவீங்கன்னு தெரியும். வளர்ந்த நாடுகள்ல மொத்த மருத்துவச் செலவுல 1ல இருந்து 2 சதவீதம் இந்த ஒரு வியாதிக்கே போகுது, அதுல பெரும்பகுதி அட்மிஷனுக்கு. அந்தப் பணம் எப்படியும் செலவாகிட்டுத்தான் இருக்கு, கட்டில்ல செலவாகுது. சரி, ஆப் ஒண்ணு விட்டா, தானா பேசுற போன் ஒண்ணு வச்சா போதாதான்னும் கேப்பீங்க. 2010ல அமெரிக்காவுல 1,653 பேருக்கு அப்படி ஒரு தானியங்கி போன் ஏற்பாட்ட வச்சுப் பாத்தாங்க, தினமும் எடையும் தொந்தரவும் சொல்லணும், பலன் எதுவும் வரல. 2018ல ஜெர்மனியில 1,571 பேருக்கு வீட்டுல இருந்தே எடை, பிபி, ஈசிஜி அனுப்புற ஏற்பாடு பண்ணாங்க, அந்தப் பக்கம் டாக்டரும் நர்ஸும் 24 மணி நேரமும் உக்காந்து பாத்தாங்க, ஆஸ்பத்திரியில கழியுற நாளும் குறைஞ்சுது, இறப்பும் குறைஞ்சுது. எனக்குத் தெரிஞ்ச வரைக்கும் வித்தியாசம் மெஷின்ல இல்ல, அத யார் பாத்து என்ன பண்றாங்கங்கிறதுல இருக்கு.

நர்ஸ் டோஸ ஏத்தலாம்னு எழுதி வச்ச ஒரு நெறிமுறையும், சந்தேகம்னா கேக்க ஒரு கார்டியாலஜிஸ்டும் இருந்தா, வாரத்துல ஒரு மத்தியானம் ரெண்டு ரூம்ல கூட இதத் தொடங்கலாம். ரத்த சோதனையில இரும்புச்சத்தையும் பாக்கச் சொல்லுங்க, இவங்கள்ல ஏறக்குறைய பாதிப் பேருக்கு அது குறைஞ்சிருக்கு, பம்பிங் குறைஞ்சவங்களுக்கு ஊசி வழியா ஏத்தினா நடக்குற தெம்பு கூடுது, மாத்திரையாக் கொடுத்தா அந்தப் பலன் வர்றதில்ல. மருந்து ஏத்தியும் பம்பிங் தேறாதவங்கள எப்போ பேஸ்மேக்கருக்கு, ஐசிடிக்கு, இதய மாற்றுக்கு அனுப்பணும்னு முடிவு பண்றதும் அங்கயே நடக்கட்டும், இப்போ நிறைய பேர் அந்த எடத்துக்குப் போய்ச் சேர்றதுக்குள்ள நேரம் கடந்துடுது.

கிளினிக் கட்டி முடிக்க மாசக்கணக்குல ஆகலாம், புரியுது. அதுவரைக்கும் இந்த வாரமே பண்ணக்கூடிய ஒண்ணு இருக்கு. ஹார்ட் ஃபெயிலியருக்கு அட்மிட் ஆனவங்களோட டிஸ்சார்ஜ் சம்மரி முதல் பக்கத்துலயே மூணு வரி சேருங்க: வீட்டுக்குப் போறப்போ எடை எவ்வளவு, 14 நாளுக்குள்ள எந்தத் தேதியில யாரைப் பாக்கணும், எடை ஏறினா எந்த நம்பருக்குக் கூப்பிடணும். அந்த நம்பர எடுக்குறது யாருன்னு பேரும் எழுதுங்க.

இப்படிக்கு,
ஹார்ட் ஃபெயிலியரோட வாழற ஒருத்தரோட மக